ரைனோ சார்ஜில் சேர நினைக்கும் நைரோபித் தமிழர்களுக்கு

ஜூன் 1 மதரக்கா நாள் விடுமுறை நெருங்கினால் நைரோபி அலுவலகங்களில் ரைனோ சார்ஜ் பேச்சு தொடங்கிவிடும். புதிதாக வேலைக்கு வந்த நம்மவர்கள் என்னிடம் இரண்டு கேள்வி கேட்பார்கள். இது கார் ரேஸா? நாங்களும் சேரலாமா? ரேஸ் இல்லை. காட்டைக் காக்க நிதி திரட்டுவதற்காகக் கரடுமுரடான நிலத்தில் ஆண்டுதோறும் நடக்கும் வண்டிப் போட்டி. தாராளமாகச் சேரலாம்.

நான் ஒரு அணியின் நேவிகேட்டர், அதாவது வரைபடம் பார்த்து வழி சொல்பவள். நிதி திரட்டும் கணக்கும் என் பொறுப்புதான். சொந்த ஊர் கோவில்பட்டி, வேலை இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு பேக்கேஜிங் ஆலையில் கணக்காளர். ஸ்டியரிங் பிடிப்பவர் நைரோபியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பஞ்சாபிக்காரர், எங்களுக்கு அவர் பாஜி. அதனால் இந்தக் குறிப்பில் பணம், வரைபடம், நடை பற்றி விரிவாக இருக்கும். வண்டியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் பாஜியும் எங்கள் ஃபுண்டியும் சொல்லிக் கொடுத்தது. (இந்த ஊரில் மெக்கானிக்கை ஃபுண்டி என்றுதான் கூப்பிடுவோம்.)

பணம் எங்கே போகிறது

நிதி கேட்கப் போகும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 1970 வாக்கில் கென்யாவில் சுமார் 20,000 கறுப்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. கொம்புக்காகக் கொன்று கொன்று, 1980-களின் முடிவில் 400-க்கும் குறைவாகிவிட்டன. மிஞ்சியவற்றில் சில அபெர்டேர் மலைக்காட்டில் இருந்தன. அவற்றைக் காப்பாற்ற 1988-இல் கென் கூலே ரைனோ ஆர்க் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். காட்டின் ஓரத்தில் மின்வேலி போடுவது திட்டம். வேலிக்குப் பணம் வேண்டும். அதற்காக 1989-இல் சில நண்பர்கள் நான்கு சக்கரமும் இயங்கும் வண்டிகளை எடுத்துக்கொண்டு முதல் ரைனோ சார்ஜை நடத்தினார்கள்.

காட்டின் ஒரு பகுதிக்கு மட்டும் என்று தொடங்கிய வேலி, பிறகு மலை முழுவதையும் சுற்றியது. சுமார் 400 கிலோமீட்டர். 2009-இல்தான் முடிந்தது. அதன் பின் எபுரு மலைக்காட்டுக்கும் வேலி போட்டார்கள், கென்யா மலைக்கும் வேலை நகர்ந்தது.

"காண்டாமிருகத்துக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். நான் சொல்லும் பதில் இது: உங்கள் வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். நைரோபியின் தண்ணீரில் பெரும்பங்கு அபெர்டேர் மலையிலிருந்துதான் வருகிறது. ந்டகைனி அணையும் சசுமுவா அணையும் அந்தக் காட்டு ஓடைகளால்தான் நிரம்புகின்றன. அங்கே மரத்தை வெட்டிக் கரி சுட்டால் இங்கே பார்க்லாண்ட்ஸில் லாரித் தண்ணீருக்கு நிற்போம். தண்ணீர்ப் பஞ்சம் பார்த்த ஊரிலிருந்து வந்தவள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் தானாகவே உயர்ந்துவிடும். அதில் எனக்குக் கூச்சமும் கிடையாது.

இன்னொரு பக்கமும் உண்டு. காட்டை ஒட்டி உருளைக்கிழங்கும் சோளமும் போடும் சிறு விவசாயிகளுக்கு யானை ஒரே இரவில் ஒரு பருவத்தையே அழித்துவிடும். வேலி வந்த பிறகு அவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வேலியைத் தினமும் நடந்து பார்த்துச் செடி வெட்டி, அறுந்த கம்பியைக் கட்டும் வேலைக்கும் அந்தந்த ஊர்க்காரர்களையே வைத்திருக்கிறார்கள்.

போட்டியின் விதி

சுமார் 100 சதுர கிலோமீட்டர் கரடுமுரடான நிலத்தில் 13 காவல் நிலைகளை, அதாவது வண்டிகள் வந்து தொட வேண்டிய இடங்களை, வைத்துவிடுவார்கள். சில மலை உச்சியில், சில பள்ளத்தாக்கின் அடியில். காலை 7:30-க்கு எல்லா வண்டிகளும் வெவ்வேறு நிலைகளிலிருந்து கிளம்பும். 10 மணி நேரத்துக்குள் 13 நிலைகளையும் தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டும். எல்லா நிலைகளையும் தொட்டவர்களில் மிகக் குறைந்த தூரம் ஓடிய வண்டிக்குத்தான் வெற்றி. தூரத்தை வண்டியில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவி அளக்கும்.

இந்தக் கடைசி விதிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. கென்யா என்றாலே சஃபாரி ராலியும் அதை 1965, 1974, 1976 என்று மூன்று முறை வென்ற ஜோகிந்தர் சிங்கும்தான் பலர் நினைவுக்கு வருவார்கள். பாஜி வீட்டில் அவருக்குத் தனி மரியாதை. ஆனால் அந்த வேகம் இங்கே செல்லாது. நல்ல பாதையில் சுற்றிப் போனால் சுகமாகப் போகலாம், தூரம் கூடிவிடும். நேராகப் போனால் தூரம் குறையும், நடுவில் பாறைச் சரிவு நிற்கும். ஒவ்வொரு இருநூறு மீட்டருக்கும் இந்தப் பேரம்தான். வெல்லும் வண்டி நாள் முழுக்க ஓடிய தூரம் பெரும்பாலும் 40 கிலோமீட்டரைத் தாண்டாது.

பரிசுகளில் என் மனதுக்கு மிகவும் பிடித்தது விக்டர் லுடோரம். குறைந்த தூரம், கூடுதல் நிதி இரண்டையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. நிதி அதிகம் திரட்டிய அணிக்கும் தனி மரியாதை உண்டு. கூட்டமும் அவர்களுக்குத்தான் பலமாகக் கை தட்டும்.

எப்போது தொடங்குவது

சுமார் 65 வண்டிகளுக்குத்தான் இடம். அதனால் முந்தின ஆண்டின் பிற்பாதியிலேயே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். ஒவ்வொரு அணியும் குறைந்தபட்சம் இவ்வளவு நிதி திரட்ட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தொகை அந்த ஆண்டின் விதிமுறைப் புத்தகத்தில் இருக்கும். சொந்த வண்டியும் சொந்த அணியும் வைத்துத்தான் முதல் ஆண்டு இறங்க வேண்டும் என்பதில்லை. ஏற்கெனவே ஓடும் அணியில் ரன்னராகவோ (வண்டிக்கு முன்னே ஓடி வழி பார்ப்பவர்) நிதி திரட்டுபவராகவோ சேருங்கள். காவல் நிலைகளில் தொண்டர்களாக நிற்கவும் ஆள் வேண்டும். முதல் ஆண்டுக்கு நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான். ஒரு நிலையில் நாள் முழுக்க நின்று 60-க்கும் மேற்பட்ட வண்டிகள் எந்தெந்த வழியில் வருகின்றன என்று பார்த்தால் கிடைக்கும் பாடம் வேறெங்கும் கிடைக்காது.

நிதி திரட்டுவது

பலர் இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வண்டிக்கு ஆறு மாதம், பணத்துக்கு மூன்று வாரம். இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள் என்பேன். வேலி நிற்பது பணத்தால்தான்.

முதலில் ஒரு நோட்டும் ஒரு எக்ஸெல் தாளும் போடுங்கள். யார், எவ்வளவு சொன்னார், எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதி, ரசீது போனதா. கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான், கொடுத்தவர் பெயரும் தொகையும் எந்தக் காலத்திலும் கேள்விக்கு நிற்க வேண்டும். கென்யர்களுக்கு இது புதிதல்ல. பள்ளிக்கூடம் கட்ட, ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று ஊர் கூடி ஹராம்பி வைத்துப் பணம் திரட்டிப் பழகிய நாடு இது. கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை, கணக்கு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும்.

பணத்தை உங்கள் சொந்த எம்-பெசா எண்ணுக்கு (இங்கே போனில் பணம் அனுப்பும் வழி) ஒருபோதும் வாங்காதீர்கள். அறக்கட்டளையின் பே-பில் எண்ணுக்கு (நிறுவனங்கள் எம்-பெசாவில் பணம் வாங்கும் எண்), உங்கள் வண்டி எண்ணைக் குறிப்பிட்டு, நேராகவே போகட்டும். நம்பிக்கை உள்ளவர் "உன்கிட்டயே கொடுத்துடறேன், நீ கட்டிடு" என்பார். அன்போடு மறுத்துவிட்டு, அவர் எதிரிலேயே போனில் அனுப்ப உதவுங்கள். வண்டிச் செலவுக்கு, அதாவது டயர், வின்ச் (வண்டியைக் கயிற்றால் இழுக்கும் கருவி), டீசல், கூடாரத்துக்கு, நீங்களே பணம் போடுங்கள், அல்லது அதற்கென்றே தனியாக ஸ்பான்சர் தேடுங்கள். காட்டுக்கென்று வாங்கிய காசில் ஒரு ஷாக்கிள்கூட (கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) வாங்கக் கூடாது. எங்கள் அணியில் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

நிறுவனங்களிடம் போகும்போது ஒரே பக்கக் கடிதம் போதும். வண்டியின் கதவில் அவர்கள் பெயர் எத்தனை அங்குலத்தில் வரும் என்று படம் வரைந்து காட்டுங்கள். பட்ஜெட் முடியும் முன்னால் போவது முக்கியம். ஜனவரியில் முதல் கடிதம், பிப்ரவரியில் நேரில் சந்திப்பு, ஏப்ரலுக்குள் பணம். தண்ணீரை நம்பித் தொழில் நடத்துபவர்களிடம் முதலில் போங்கள்: பானத் தொழிற்சாலை, சாயப்பட்டறை, ஓட்டல், பூப்பண்ணை. அபெர்டேர் காட்டுக்கும் அவர்களுக்கும் உள்ள உறவை விளக்க வேண்டியிருக்காது.

நம் குடும்பங்களிடம் கேட்க நான் கண்ட நல்ல வழி தோசை விருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாராவது ஒருவர் வீட்டு முற்றம், இரண்டு பெரிய கல். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தங்களால் முடிந்ததை அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு கிகுயூ குடும்பமும் குஜராத்திக் குடும்பமும் வருவார்கள், தேங்காய்ச் சட்னிதான் முதலில் தீரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நைரோபி 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மே மாதக் குளிரில் மாவு எளிதில் புளிக்காது. முந்தின நாள் காலையிலேயே அரைத்து, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நடுவே பத்து நிமிடம் பேசுங்கள். வேலியின் படம் ஒன்று, ந்டகைனி அணையின் படம் ஒன்று. குழந்தைகள் இருந்தால் வண்டியையும் கொண்டுவந்து நிறுத்துங்கள். அவர்கள் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துவிட்டு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். அதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

வண்டி

பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர், லேண்ட் குரூஸர் 70, ரேஞ்ச் ரோவரின் பழைய மாடல் இவற்றைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். மெதுவாக, அதிக இழுவையோடு போக லோ ரேஞ்ச் கியரும், இரு பக்கச் சக்கரங்களும் சேர்ந்தே சுழல டிஃப் லாக்கும் வேண்டும். உருண்டால் ஆட்களைக் காக்க உள்ளே ரோல் கேஜ், உடம்பைப் பல இடத்தில் கட்டும் சீட் பெல்ட், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான். பாதுகாப்புச் சோதனையில் தேறாத வண்டி ஓடாது, அதில் கெஞ்சவும் கூடாது.

முன்னும் பின்னும் ஒவ்வொரு வின்ச் இருப்பது நல்லது. ஏற்றத்தில் முன் வின்ச் இழுக்கும், செங்குத்தான இறக்கத்தில் பின் வின்ச் பிடித்துக்கொள்ளும். கூடவே இரண்டு கப்பி, மரத்தில் சுற்ற அகலமான பெல்ட், ஷாக்கிள்கள், தோல் கையுறை, ஹை-லிஃப்ட் ஜாக்கி. உதிரியில் டை ராட், ஆக்ஸில் ஷாஃப்ட், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பஞ்சர் ஒட்டும் செட், காற்றடிக்கும் கம்ப்ரஸர். இரண்டு ஸ்டெப்னி. பக்கப் படிகளைக் கழற்றிவிடுங்கள், முதல் பாறையிலேயே அவை மடங்கி டயரைக் கிழிக்கும்.

டயரில் காற்றைக் குறைத்தால் ரப்பர் பாறையை அணைத்துக்கொள்ளும். பாஜி 18 பிஎஸ்ஐ வரை இறக்குவார். முள் அதிகமான இடத்தில் அவ்வளவு இறக்க மாட்டார், பக்கவாட்டு ரப்பர் வெளியே பிதுங்கி முள்ளுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். மழை பெய்திருந்தால் கரிசல் மண்ணுக்குப் பயப்படுங்கள். நம் கோவில்பட்டிக் கரிசலேதான், இங்கே பிளாக் காட்டன் என்பார்கள். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் சக்கரத்தின் பள்ளமெல்லாம் அடைத்து டயரையே வழவழப்பாக்கிவிடும். அந்த இடத்தில் தூரத்தைப் பார்க்காமல் கல் தரையைத் தேடிச் சுற்றிப் போவதுதான் லாபம்.

முந்தின மாலை

போட்டி நடக்கும் இடத்தை வெகுநாள் ரகசியமாக வைத்திருப்பார்கள். கஜியாடோவாக இருக்கலாம், சம்புருவாக இருக்கலாம். காவல் நிலைகள் எங்கே என்பது முந்தின மாலைதான் கையில் கிடைக்கும். அப்புறம் நேவிகேட்டருக்குத் தூக்கமில்லை.

வரைபடத்தில் 13 புள்ளிகளைக் குறித்து நேர்கோட்டால் இணையுங்கள். பிறகு சமஉயரக் கோடுகளைப் பாருங்கள். நெருக்கமாக இருக்கும் இடம் சரிவு. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வழி எழுதுங்கள்: துணிந்த வழி, பத்திர வழி. இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசத்தைப் பக்கத்திலேயே எழுதுங்கள். 150 மீட்டர் மிச்சத்துக்கு ஒரு மணி நேரம் வின்ச் போடுவதா என்பதை வெயிலில் நின்று முடிவு செய்யக் கூடாது, கூடாரத்தில் விளக்கடியில் முடிவு செய்ய வேண்டும். வலமாகச் சுற்றுவதா இடமாகச் சுற்றுவதா என்பதும் இப்போதே. மிகக் கடினமான சரிவு எந்தத் திசையில் இறக்கமாக வருமோ அந்தத் திசையை எடுங்கள். மாலை வெயில் ஓட்டுநர் கண்ணில் நேராக விழும் துண்டுகளையும் கணக்கில் வையுங்கள்.

அன்றைய நாள்

ஓர் அணியில் ஆறு பேர் வரை இருக்கலாம். ஓட்டுநர், நேவிகேட்டர் போக மற்றவர்கள் ரன்னர்கள். இவர்கள்தான் சார்ஜை வெல்பவர்கள். வண்டிக்கு முன்னே முள்ளுக்குள் ஓடி, பாறைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்து, ரேடியோவில் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் போடாதீர்கள், வியர்வையில் கனத்துவிடும். தடித்த காட்டன் பேன்ட், முழங்கால் வரை முள் தாங்கும் கெய்ட்டர் என்ற கால் உறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், கண்ணுக்குத் தெளிவான கண்ணாடி. வெயிட்-எ-பிட் என்ற கொக்கி முள் சட்டையைப் பிடித்தால் முன்னே இழுக்காமல் ஒரு அடி பின்னால் வாருங்கள், தானாக விடும். கல்லைக் கையால் புரட்டக் கூடாது, அடியில் விரியன் இருக்கும். ஆளுக்கு 6 லிட்டர் தண்ணீர், உப்பு, ஓஆர்எஸ். நான் புளியோதரை கட்டிக் கொண்டுபோவேன், வெயிலில் கெடாது, ஒரு கையால் சாப்பிடலாம்.

ரன்னர் சொல்லும் சொல் சுருக்கமாக இருக்கட்டும். "பாஜி, இடது, ஒரு சக்கரம், நில்." ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஓட்டுநருக்குச் சைகை காட்ட வேண்டும். மூன்று பேர் மூன்று கையை ஆட்டினால் வண்டி பள்ளத்தில்தான் போகும்.

வின்ச் போடும்போது அவசரம் வேண்டாம். கயிறு இறுகும் முன் எல்லோரும் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் விலகி நிற்க வேண்டும். இறுகிய கயிற்றைத் தாண்டக் கூடாது. நடுவில் கனமான ஈரச் சாக்கையோ தடித்த மேற்சட்டையையோ போட்டு வையுங்கள், அறுந்தால் கயிறு பறக்காமல் விழும். வின்ச்சின் டிரம்மில் கயிறு ஐந்து சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். மரத்தில் கயிற்றை நேராகக் கட்டக் கூடாது, பட்டை உரிந்து மரம் செத்துவிடும். காட்டுக்குப் பணம் சேர்க்க வந்துவிட்டு மரத்தைக் கொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை. பெல்ட்டை அடிமரத்தில் தாழ்வாகச் சுற்றுங்கள். பாரம் அதிகமானால் கப்பி போட்டுக் கயிற்றை இரட்டிப்பாக்குங்கள். மெதுவாகும், ஆனால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

ஓட்டுபவருக்குப் பாஜி சொல்வது: கட்டை விரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே விடாதே, பாறை சக்கரத்தைத் திருப்பினால் விரல் போய்விடும். ஏற்றத்தில் இன்ஜின் நின்றுவிட்டால் திருப்ப முயலாதே, ரிவர்ஸ் கியரில் நேராகவே இறங்கு. பக்கச் சரிவில் வண்டி வழுக்கினால் ஸ்டியரிங்கைப் பள்ளத்துப் பக்கமே திருப்பு, மேட்டுப் பக்கம் திருப்பினால் உருளும். இறக்கத்தில் முதல் கியர், கிளட்சில் கால் வைக்காதே.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை நின்று கணக்குப் பாருங்கள். எத்தனை நிலை மிச்சம், எவ்வளவு நேரம். எட்டு கூட முடியவில்லை என்றால் தூரத்தை மறந்து, பத்திர வழிகளை எடுத்து 13-ஐயும் தொடப் பாருங்கள்.

பார்க்க மட்டும் வருபவர்கள் நான்கு சக்கர இயக்க வண்டியில், முன்பதிவோடு வர வேண்டும். தண்ணீர், சாப்பாடு, டீசல், கூடாரம் எல்லாம் கையோடு. வாசல் கட்டணம் அந்த நிலத்து மக்களுக்குப் போகிறது. காவல் நிலைகள் நெருங்கி இருக்கும் கான்ட்லெட் பகுதியில் பாறை மேல் இடம் பிடித்தால் ஒரே இடத்திலிருந்து நிறையப் பார்க்கலாம். குப்பையை நைரோபிக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். மாசாய், சம்புரு மக்களை, அவர்கள் ஆட்டை, வீட்டைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

திரும்பி வந்த பின்

வண்டியை ஃபுண்டியிடம் விட்டு டிஃபரென்ஷியல் ஆயிலை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அடியில் சிக்கிய புல்லையும் விதையையும் கழுவிவிட வேண்டும், ஒரு நாட்டுப்புறத்துக் களையை இன்னொரு காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.

ஒரு வாரத்துக்குள் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும், 100 ஷில்லிங் அனுப்பிய வாட்ச்மேனுக்கும்கூட, ஓடிய தூரம், தொட்ட நிலைகள், திரட்டிய மொத்தத் தொகை, ஒரு படம் ஆகியவற்றோடு கடிதம் போக வேண்டும். சொல்லிவிட்டுக் கொடுக்காதவர்களுக்கும் அதே கடிதம்தான், பே-பில் எண்ணோடு. கோபம் காட்டாதீர்கள், பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் பெரிய தொகை கொடுத்தவர்களை ஒரு சனிக்கிழமை நியேரி பக்கம் அழைத்துப்போங்கள். நைரோபியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர். வேலிக்கு ஒரு பக்கம் தேயிலையும் சோளமும், மறுபக்கம் இருண்ட காடும் நிற்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். அன்று நீங்கள் எதுவும் கேட்காதீர்கள். மேலே பூங்காவுக்குள் 3,000 மீட்டர் வரை ஏறும் பாதை, மழை எப்போது வேண்டுமானாலும் வரும், ஆளுக்கொரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் எடுத்துவரச் சொல்லிவிடுங்கள்.